தகட்டில் தங்கும் வண்ணம்

1900-ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரில் அரங்கேறியது புச்சீனியின் 'தோஸ்கா' என்னும் இசை நாடகம். கொலையுண்டவனின் உடலருகே நாயகி மெழுகுவர்த்தி வைக்கும் காட்சியை ஹோஹென்ஸ்டைன் என்ற ஓவியர் அதன் சுவரொட்டியில் தீட்டினார். இத்தகைய பழைய இசை நாடகக் காட்சிகளை இன்று அலுமினியத் தகட்டில் அச்சிட்டு, வீட்டுச் சுவரில் அழகுக்காக மாட்டுகிறார்கள். உலோகம் சாயத்தை உறிஞ்சாதே! படம் எப்படிப் பதிகிறது?

திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே ஆவியாகிக் குறைவதைக் கண்டிருப்பீர்கள். இதுவே பதங்கமாதல். இங்கும் அதுதான் நடக்கிறது. தகட்டின்மேல் முதலில் பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக் பூச்சு ஏற்றப்படுகிறது. பதங்கமாகும் சாயத்தால் படத்தைத் தாளில் இடவலம் மாற்றி அச்சிடுவார்கள். அந்தத் தாளைத் தகட்டின்மேல் கவிழ்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி, வெப்பத்தால் நெகிழ்ந்த பூச்சினுள் புகும். ஆறியதும் பூச்சு இறுகிச் சாயத்தைச் சிறைப்படுத்தும். வெண்மை வேண்டிய இடத்தில் சாயமே இராது. அடியிலுள்ள வெண்பூச்சுதான் தெரியும்.

ஆகவே படம் இருப்பது உலோகத்தில் அன்று, பூச்சினுள்ளே! ஈரத்துணியால் துடைத்தாலும் அழியாது. ஆனால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் சாயத்தின் மூலக்கூறுகளை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். உலோகம்தானே என்று நம்பி வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். தகடு நிலைக்கும், தோஸ்கா வெளிறிப் போவாள்.