கல் ஏன் வளைகிறது?

நல்லூரில் பனி பெய்வதில்லை. ஆனால் இங்கிருந்து போனவர்கள் குடியேறிய கனடாவிலும் நோர்வேயிலும், பனிக்கட்டித் தளத்தில் கல்லைச் சறுக்கிவிடும் கேர்ளிங் ஆட்டம் ஊரறிந்த விளையாட்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாக ஆடும் கலப்பு இரட்டையர் பிரிவு 2018இல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது கனடா தங்கமும் நோர்வே வெண்கலமும் பெற்றன. 2022இல் பீஜிங்கில் இந்த ஆட்டம் அவ்வளவாகப் பரவாத இத்தாலி தங்கத்தைத் தட்டிச் சென்றது. கோர்த்தினா என்ற மலையூரைச் சேர்ந்த 22 வயது ஸ்தெபானியா கொன்ஸ்தான்தீனியும் அமோஸ் மோசானரும் ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றார்கள். இறுதியாட்டத்தில் நோர்வே 8-5 என்று தோற்றது. 2025இல் உலகப் பட்டமும் இதே சோடிக்குத்தான்.

கல்லின் எடை 17 முதல் 20 கிலோ. ஒலிம்பிக் கற்களுக்கான கருங்கல் ஸ்கொட்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள எய்ல்சா கிறெய்க் என்ற சிறு தீவிலிருந்து வருகிறது. கை விட்டபின் அந்தக் கல் ஏறத்தாழ 28 மீற்றர் தனியே போய், 1.83 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் நடுவை நெருங்க வேண்டும். தளம் வழவழப்பானதல்ல. ஆட்டத்துக்குமுன் நீரைத் துளித்துளியாகத் தெளிப்பார்கள். அவை சிறு பருக்களாக உறையும். கல்லின் அடி குழிவானது. ஒரு மெல்லிய வளையம் மட்டுமே அந்தப் பருக்களைத் தொட்டுக்கொண்டு போகும்.

கல்லுக்கு முன்னால் தூரிகையால் தேய்த்தால் பனி சற்றுச் சூடேறி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம், கூடுதல் நேராகப் போகும். நால்வர் அணியில் இதற்கென்றே இருவர் உண்டு. கலப்பு இரட்டையரில் இருப்பதே இருவர்தான். ஒரு சுற்றில் ஒருவர் முதற்கல்லையும் ஐந்தாம் கல்லையும் விடுவார், நடுவிலுள்ள மூன்றும் மற்றவருக்கு. பல வேளைகளில் கல்லை விட்டவரே எழுந்தோடித் தேய்க்கவும் வேண்டும்.

கல்லை விடும்போது கைப்பிடியை மெல்லத் திருகினால் அது சுழன்றபடியே போய், ஒரு மீற்றருக்கு மேலும் வளையும். சிக்கல் இங்கேதான். ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, வலஞ்சுழியாகத் திருகி மேசையில் தள்ளிப் பாருங்கள். அது இடப்பக்கம் ஒதுங்கும். வேகம் குறையும்போது பாரம் முன்விளிம்பில் விழ, அங்கே உராய்வு கூடுவதே காரணம். கேர்ளிங் கல்லோ வலஞ்சுழியாகச் சுழன்றால் வலப்பக்கமே வளைகிறது.

பாரம் விழும் முன்விளிம்பில் பனி இளகி உராய்வு குறைகிறது என்றார்கள் சிலர். அந்த வேறுபாடு இவ்வளவு வளைவுக்குப் போதாது என்று பிறர் மறுத்தார்கள். 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார், முன்விளிம்பு பனியில் போடும் நுண்கீறல்களே பின்விளிம்பைப் பக்கவாட்டில் இழுக்கின்றன என்றார்கள். 2022இல் யப்பானிய இயற்பியலாளர் ஜிரோ முராத்தா கல்லின் பாதையை நுணுக்கமாகப் படமெடுத்து அளந்து, இன்னொரு விடை சொன்னார். அதை விளங்கிக்கொள்ள நல்லூர்த் தேரைப் பார்த்தவர்களுக்குச் சிரமமில்லை. வடம் பிடிப்பவர்கள் தேரை முன்னே இழுப்பார்கள். வீதி மூலையில் அதைத் திருப்புவது சில்லுக்குக் கட்டை போடுகிறவரின் கை. எந்தப் பக்கம் தடை கூடுகிறதோ அந்தப் பக்கம் தேர் திரும்பும். வலஞ்சுழியாகச் சுழலும் கல்லின் வலப்பக்கம் பனிமேல் சற்று மெதுவாக நகர்கிறது. வேகம் குறைந்த இடத்தில் உராய்வு கூடுகிறது. அங்கே பனிப்பரு ஒன்று ஒரு கணம் பிடித்து விட, கல் அதைச் சுற்றித் திரும்புகிறது என்பது முராத்தாவின் விளக்கம். எல்லோரும் இதை ஏற்றுவிடவில்லை.

களத்தில் இருப்பவர்கள் விடைக்காகக் காத்திருக்கவில்லை. சில தூரிகைத் துணிகளால் தேய்த்தால் கல்லை வேண்டிய பக்கம் திருப்பலாம் என்று வீரர்கள் கண்டுபிடித்துவிட, ஆட்டமே கெட்டுவிடும் என்று அஞ்சிய உலகக் கேர்ளிங் சம்மேளனம் 2016இல் துணிக்கும் கட்டுப்பாடு விதித்தது. கல் வளையும் காரணத்தைப் பற்றி 1924இலேயே கனடாவில் ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது; வழக்கு இன்னும் முடியவில்லை. கொன்ஸ்தான்தீனிக்கும் மோசானருக்கும் ஓர் ஆட்டம் முழுவதற்கும் யோசிக்கக் கிடைப்பதோ 22 நிமிடம்.