ஆய்வேட்டில் திறந்த மூல மென்பொருளுக்குச் சான்று காட்டல்

ஆய்வுக்குப் பயன்பட்ட மென்பொருளையும் இணையதளங்களையும் நூல்களைப் போலவே துணைநூற் பட்டியலில் முறையாகக் குறிப்பிடுவது சான்று காட்டல் ஆகும். நூல்களுக்கு ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என ஒழுங்காக எழுதும் மாணவர்கள்கூட, மென்பொருள் என்று வரும்போது "கணினி உதவியுடன் கணக்கிடப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு. அந்த வரியை வைத்துக்கொண்டு வேறொருவர் அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்க்க இயலாது.

புள்ளியியலில் பெரிதும் பயன்படும் 'ஆர்' மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச்சில் இதன் 3.5.3 பதிப்பும் ஏப்ரலில் 3.6.0 பதிப்பும் வெளிவந்தன. ஒரு தொகுதியிலிருந்து சமவாய்ப்பு முறையில் மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் 'சாம்பிள்' கட்டளையின் உள்வழிமுறை 3.6.0 பதிப்பில் மாற்றப்பட்டது. பழைய வழிமுறையில், தொகுதி மிகப் பெரியதாக இருந்தால் எல்லா உறுப்புகளுக்கும் சமமான வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதே காரணம். இதனால் நிரல் ஒன்றாகவும் தொடக்க எண் ஒன்றாகவும் இருந்தாலும், இரு பதிப்புகளிலும் தேர்வாகும் மாதிரிகள் வேறுபடக்கூடும். மாதிரி மாறினால் சராசரியும் மாறும். "ஆர், 2019" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லை. பதிப்பு எண் தெரிந்திருந்தால் சிக்கல் இல்லை; புதிய பதிப்பிலேயே பழைய வழிமுறையைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது.

ஆர் மென்பொருளில் 'சைட்டேஷன்' என்ற கட்டளையை இட்டால், அதைச் சான்று காட்ட வேண்டிய முறை திரையில் தோன்றும். ஆசிரியராக 'ஆர் கோர் டீம்' என்ற குழுவும், வெளியீட்டாளராக வியன்னாவில் உள்ள ஆர் அறக்கட்டளையும் அதில் இருக்கும். பதிப்பு எண்ணை நாமே சேர்க்க வேண்டும். கூடுதலாக நிறுவிய பொதிகளைத் தனித்தனியே குறிப்பிடுவதும் அவசியம்.

திறந்த மூல உரிமங்கள் பொதுவாக ஆய்வேட்டில் சான்று காட்டும்படி கட்டாயப்படுத்துவதில்லை. இது சட்டக் கடமையன்று, ஆய்வு நெறி. இம்மென்பொருள்களை எழுதியவர்களில் பலர் பல்கலைக்கழகத்தினர். சான்று காட்டப்படாத உழைப்பு அவர்களுடைய பணிக்கணக்கில் ஏறுவதில்லை. வரைபடங்கள் வரைய உதவும் 'மேட்பிளாட்லிப்' திட்டத்தினர், அதை உருவாக்கிய ஜான் ஹண்டரின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்றாகக் காட்டும்படி கேட்டுக்கொள்கின்றனர். இவ்வாறு உருவாக்கியவர்களே ஒரு முறையைச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுவதே சரி.

கிட்ஹப் போன்ற தளத்தின் முகவரியை மட்டும் தருவது போதாது. அங்குள்ள நிரல் நாளுக்கு நாள் மாறும். ஒருநாள் நீக்கப்படவும் கூடும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் 'செனோடோ' களஞ்சியம், அதில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பதிப்புக்கும் டி.ஓ.ஐ. எனப்படும் நிலையான அடையாள எண் வழங்குகிறது. அந்த எண் இருந்தால் அதையே தரலாம்.

இணையப் பக்கங்களுக்குப் 'பார்த்த நாள்' எழுதுவது வெறும் சடங்கன்று. விக்கிப்பீடியா கட்டுரையில் இன்று இருக்கும் வரி நாளை இல்லாமல் போகலாம். ஆகவே குறிப்பிட்ட திருத்தத்துக்கு உரிய நிலையான இணைப்பைத் தர வேண்டும். மற்ற தளங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' உதவும். தேவையான பக்கம் அங்கே முன்பே சேமிக்கப்படாவிட்டால், முகவரியைக் கொடுத்து அப்போதே சேமித்து, அந்தப் படியின் முகவரியையும் சான்றில் சேர்க்கலாம்.