வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்க வேண்டிய புத்தகம்

புத்தகத் திருவிழாவில் பள்ளி நூலகத்துக்கு நூல் எடுக்க வரும் ஆசிரியர்கள், கதைப் புத்தகம் என்றால் நாலு பக்கமாவது புரட்டுவார்கள். பாட்டுப் புத்தகத்துக்கு அந்த நேரம்கூடக் கிடைப்பதில்லை. அட்டையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். "நல்ல கருத்து இருக்கு, எடுத்துக்கலாம்" என்று கட்டோடு சேர்த்துவிடுவார்கள். கண்ணால் பார்த்து வாங்கிய அந்தப் புத்தகம் வகுப்பில் காதுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாட்டுக்குள் இழுப்பது பொருளைவிட ஓசைதான். ஓர் அடி 'வண்டு' என்று தொடங்கினால் அடுத்த அடியில் நண்டோ துண்டோ வரப்போகிறது என்று பிள்ளையின் காது காத்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகூட எதுகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லை ஊகித்துவிடும். அந்தச் சொல்லில் விரல் வைத்துப் படித்துவிட்டால் அதற்கு வரும் தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே கடையில் நின்ற இடத்திலேயே இரண்டு பாட்டை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் நாக்கு தடுக்குகிற இடத்தில் வகுப்பும் தடுக்கி விழும். அடியை நிரப்புவதற்கென்றே 'நவின்றிடு', 'செப்பிடுவாய்' போன்ற சொற்கள் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த நூலை வைத்துவிடலாம். அச்சையும் கவனிக்க வேண்டும். சில நூல்களில் ஒரு சொல்லின் பாதி ஒரு சீரிலும் மீதி அடுத்த சீரிலும் பிரிந்து கிடக்கும். யாப்பு தெரிந்தவருக்கு அது பழக்கம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது இரண்டு தெரியாத சொற்கள்.

இந்தச் சோதனையில் பழைய நூல்கள் பல இன்றும் தேறுகின்றன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர். வகுப்பறை தெரிந்தவரின் எளிமை அவர் பாட்டில் இருக்கிறது. இந்தியன் வங்கியில் வேலை பார்த்த அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் 23 பாடல்களோடு வந்தது. அவர் பெரும்பாலும் பேச்சில் புழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டார்.

ஆனால் பழையதை மட்டும் அடுக்கி வைத்தால் போதாது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையில் படிக்கும் பிள்ளைகளுக்கு வஞ்சிரம் எது, சங்கரா எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தை, மாசியில் பங்குனி ஆமை மணலேறி முட்டையிடும் கரை அது. உள்ளே போனால் வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் கூடு கட்டுகின்றன. பாட்டுப் புத்தகங்களிலோ கிளியும் மயிலும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடல் வந்தாலும் வேடிக்கை பார்க்கப் போன கடலாகவே வருகிறது. அப்பா தொழிலுக்குப் போகும் கடலாக வருவது அபூர்வம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு நூல் தேடுகிறவர், தொழில் செய்யும் கடல் ஒரு பாட்டிலாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பாம்பையும் பார்க்க வேண்டும். குழந்தைப் பாட்டில் அது அநேகமாகக் கெட்ட பிராணி. அடித்துக் கொன்றால் கதை சுபம். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இருளர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாம்பை அடிக்கும் பாட்டை எல்லோரும் கைதட்டிப் பாடினால், அந்தப் பிள்ளை வீட்டில் கற்றதெல்லாம் மதிப்பற்றதாகிவிடும். நிறம், உடம்பு, சாதித் தொழில் ஆகியவற்றைக் கேலி செய்யும் வரிகளையும் இதே கண்ணோடு தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அறிவுரை. நம் மரபில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஆத்திசூடியின் சுருக்கமே அதைக் காலங்காலமாக வாயில் நிற்க வைத்திருக்கிறது. அந்தச் சுருக்கம் இல்லாமல், ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியும் "ஆகவே பிள்ளைகளே" என்று முடிகிற தொகுப்பு வகுப்பை ஒரே வாரத்தில் களைக்க வைத்துவிடும். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறையில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை இருக்கிறது. அதன் காலடியில் எலிகள் கும்பிடுகின்றன. பல்லவச் சிற்பி விளக்கம் ஏதும் எழுதி வைக்கவில்லை. சுற்றுலா வரும் பிள்ளைகள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம்தான் "ஏன் சார் பூனை சாமி கும்பிடுது?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்க வைக்கும் பாட்டுகள் ஒரு தொகுப்பில் நாலைந்து இருந்தாலே அதை வாங்கலாம்.

புதிய நூல்களைத் தேடுவது சற்றுக் கடினம். சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் வழங்குகிறது. தமிழில் செல்ல கணபதியின் 'தேடல் வேட்டை' 2015இலும், கிருங்கை சேதுபதியின் 'சிறகு முளைத்த யானை' 2018இலும் கவிதை நூல்களாக அதைப் பெற்றன. 2020 முதல் 2024 வரை பரிசு பெற்றவை சிறுகதைகளும் நாவல்களும்தான். கதைக்குக் கிடைக்கும் கவனம் பாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்றால், பள்ளிகள் கேட்டு வாங்க வேண்டும்.

வயதுக் கணக்கிலும் கொஞ்சம் தளர்வு நல்லது. அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைப்படுத்தியிருக்கிறது. வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அது உதவும். பாட்டுக்கு மட்டும் அந்த வேலி அவ்வளவாகப் பொருந்தாது. ஒன்றாம் வகுப்புக்கு எழுதிய வேடிக்கைப் பாட்டை ஐந்தாம் வகுப்பும் ஆசையாகப் பாடும்.

நூலகப் பணம் குறைவாக இருக்கும்போது பத்துத் தலைப்பில் ஒவ்வொரு பிரதி எடுப்பதே வழக்கம். பாட்டுப் புத்தகத்துக்கு அந்தக் கணக்கை மாற்றிப் பார்க்கலாம். நாலு பேர் ஒரு பக்கத்தைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து பாட, ஒரே நூலில் ஐந்தாறு பிரதி வேண்டும். பழைய பாட்டு நூல் ஒன்று, புதியது ஒன்று என இரண்டே தலைப்பு எடுத்து, அவற்றைப் பூட்டிய பீரோவில் வைக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கயிற்றில் தொங்கவிட்டால் ஒரு பருவம் முழுக்கப் பாட அது போதும்.