சிறு கொடையும் சிறுவர் கல்வியும்

மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுப்பதால் வன்னியில் என்ன மாறிவிடப் போகிறது என்ற கேள்வி, கொடுக்க மனமுள்ளவர்களிடமிருந்தே அடிக்கடி எழுகின்றது. நியாயமான கேள்விதான். அதற்கான விடை தொகையின் அளவில் இல்லை. அத்தொகை எந்த இடத்தில், எவ்வளவு காலத்திற்குச் செலவிடப்படுகின்றது என்பதிலேயே உள்ளது.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள ஸ்கந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1996 இல் 'சத்ஜய' இராணுவ நடவடிக்கையால் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது, நகரத்து மக்களும் அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரும் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பகுதிகளிலேயே தஞ்சமடைந்தனர். பொருளாதாரத் தடையின் காரணமாக மண்ணெண்ணெய் அரிதாகியிருந்த அக்காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் சில துளி எண்ணெயில் ஒரு தலைமுறை படித்தது. 2008 இல் அந்தக் கிராமமும் இடம்பெயர்ந்தது. மீளக்குடியேறியவர்கள் அனைத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்தே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

இலங்கையில் கல்வி இலவசமானது. 1945 முதல் கட்டணம் இல்லை; 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசினால் வழங்கப்படுகின்றன. அவ்வாறாயின் பிள்ளை ஏன் இடைவிலகுகின்றது? அப்பியாசக் கொப்பி, பேருந்துக் கட்டணம், காலை உணவு, பழுதடைந்த துவிச்சக்கர வண்டி போன்ற மிகச் சிறியவற்றால்தான். ஆசிரியருக்கும் கட்டடத்திற்கும் நூலுக்கும் அரசு செய்யும் பெருஞ்செலவு, ஒரு ரியூப் வாங்கப் பணமில்லாத வீட்டு வாசலில் பயனற்றுப் போகின்றது. சிறு கொடையின் பலம் இங்கேதான் உள்ளது. ஏற்கெனவே செலவிடப்பட்ட பெருந்தொகையை அது பயன்படச் செய்கின்றது.

இதற்கு அண்டை நாட்டில் நல்ல சான்று உண்டு. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குத் துவிச்சக்கர வண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு, இடைநிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை ஏறத்தாழ 32 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டது. பள்ளியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிராமங்களிலேயே பயன் மிகுந்திருந்தது. உயர்தர வகுப்பு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லாத வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

கென்யாவின் புசியாப் பகுதியில் 1998 இல் பாடசாலை மாணவருக்குக் குடற்புழு மாத்திரை வழங்கப்பட்டது. செலவு பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு டொலருக்கும் குறைவு. வரவின்மையோ காற்பங்கு குறைந்தது. இருபது ஆண்டுகளின் பின்னரும் அப்பிள்ளைகளின் வருமானம் சற்று உயர்ந்திருந்ததாக 2021 இல் வெளியான ஆய்வு தெரிவிக்கின்றது. இம்முடிவுகள் குறித்து ஆய்வாளரிடையே விவாதம் உண்டு என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நல்ல சிறுவர் தொண்டு அமைப்புகள் இத்தகைய தடையைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. நூறு குடும்பங்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு ஆறு இலட்சம் சேரும். அதைக்கொண்டு கொப்பிகளை மொத்த விலையில் கொள்வனவு செய்யலாம். ஒருபகுதியை நிரந்தர வைப்பிலிட்டு வட்டியில் உதவித்தொகை வழங்கும் வழக்கமும் நம் பழைய மாணவர் சங்கங்களிடம் உண்டு. எனினும் 2022 இல் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது, வைப்பை மட்டும் நம்பியிருந்தோரின் உதவி கண்முன்னே சுருங்கியது. மாதந்தோறும் வரும் சிறு தொகை அவ்வேளையில் கூடுதல் கைகொடுக்கும். விலை ஏறினால் கொடுப்போர் தொகையையும் சற்று ஏற்றிக்கொள்ள முடியும். சோறாக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த நம் பெண்களுக்குப் பிடியரிசியின் இந்தக் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுக்கொருமுறை புத்தகப்பையும் புகைப்படக்கருவியுமாக வந்து செல்லும் உதவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பையைக் கையில் கொடுத்துப் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து உலகெங்கும் பரப்புவது தொண்டாகாது. அந்தப் பிள்ளை நாளை அதே வகுப்பறையில்தான் அமர வேண்டும். தந்தையை இழந்த பிள்ளை, வறிய பிள்ளை என்று பெயர் சூட்டாமல், வகுப்பு முழுவதற்கும் கொப்பி வழங்குவதற்குச் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். அச்செலவு தகும் என்றே நாம் கருதுகின்றோம்.

யாருக்கு எது தேவை என்பதை அதிபரும் வகுப்பாசிரியரும் கிராம அபிவிருத்திச் சங்கமும் நன்கறிவர். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து அனுப்புவோர் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கைப் பாடசாலை அறிவித்தற்பலகையில் ஒட்டுமாறும் கோர வேண்டும். புதிய துவிச்சக்கர வண்டிகள் பத்து வழங்குவதற்கு முன்னர், பாடசாலைக் கொட்டிலில் காற்றில்லாமல் சாத்தி வைக்கப்பட்டுள்ளவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். திருத்துனர் ஒருவருக்கு மாதம் இருமுறை கூலி கொடுப்பது, அநேகமாக அதைவிடக் குறைந்த செலவிலேயே முடியும்.