குளிரும் ஈரமும் ஒன்றுகூடிய நாள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான், கேளுங்கள். அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸில் 2007 ஜூலை 9 அன்று பனி பொழிந்தது. அதற்கு முன் அந்த நகரம் அப்படியொரு பனியைக் கண்டது 1918 ஜூனில். இடையில் 89 ஆண்டுகள்! பூமியின் தென்பாதியில் ஜூலை நடுக்குளிர்காலம். 1816-இல் விடுதலையை அறிவித்த நாள் என்பதால் அன்று விடுமுறை வேறு. அந்தத் தேதியையே பெயராகக் கொண்ட அகன்ற சாலை நகரின் நடுவில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்து பனியில் நின்றார்கள்.

அந்த ஊரில் குளிர் உண்டு, குளிர்கால மழையும் உண்டு. பனி மட்டும் ஏன் இத்தனை அரிது?

உயரமான மேகத்தின் மேற்பகுதி எந்த நாட்டிலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். நம் ஊர்க் கோடை இடிமழையில்கூடப் பல துளிகள் மேலே பனித்துகளாகவே பிறக்கின்றன. இறங்கும் வழியில் வெதுவெதுப்பான காற்றில் உருகி மழையாகிவிடுகின்றன. ஆக, தரைக்கு மேலுள்ள கடைசிச் சில நூறு மீட்டர் காற்று பனியை உருகாமல் விடுகிறதா என்பதுதான் கேள்வி.

பியூனஸ் அயர்ஸ் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். பக்கத்திலேயே லா பிளாட்டா ஆற்றின் பரந்த முகத்துவாரம். அத்தனை தண்ணீர் அருகில் இருக்க, காற்று எளிதில் உறைநிலைக்கு இறங்காது. தென்மேற்கே பாம்பாஸ் புல்வெளியைக் கடந்து பாம்பெரோ என்ற குளிர்காற்று வரும். ஆனால் அது வறண்ட காற்று, வானம் வெளுத்துவிடும். ஈரமோ வடக்கிலிருந்தும் கடலிலிருந்தும் வருவது. வரும்போது வெப்பத்தையும் சேர்த்தே கொண்டுவரும். குளிர் இருக்கும் நாளில் ஈரம் இருக்காது, ஈரம் இருக்கும் நாளில் குளிர் போதாது. அன்று துருவக் குளிர்காற்று நகரத்தின் மேல் கிடந்தபோதே ஈரம் சுமந்த மேகங்களும் வந்து சேர்ந்தன.

இன்னொன்றும் துணை செய்யும். விழுகிற பனியில் கொஞ்சம் உருகும், கொஞ்சம் ஆவியாகும். இரண்டுக்கும் வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதும் இதே கணக்குதான். முதலில் விழுவது உருகிப்போனாலும், பின்னால் வருவதற்கு அது வழியைக் குளிர்வித்து வைக்கிறது. அன்றும் பிற்பகலில் மழையும் பனியும் கலந்து தூறத் தொடங்கி, மாலையில் முழுப் பனியாக மாறியது.

இந்தக் கணக்கில் ஒரு டிகிரி கூடியிருந்தாலும் நகரம் வெறும் மழையில் நனைந்திருக்கக்கூடும். வானிலை அறிவிப்பாளர்களுக்குப் பனியை முன்கூட்டிச் சொல்வது கடினமாக இருப்பதும் இதனால்தான். இனி ஏதாவது ஒரு பெருநகரத்தில் எதிர்பாராமல் பனி விழுந்தது என்று செய்தி வந்தால், எவ்வளவு குளிர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் குளிர் விலகுவதற்குள் ஈரம் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்றும் தேடிப் பாருங்கள்.