தராசு சொல்லாத உண்மை

மளிகைக் கடைத் தராசுக்கு ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ வெல்லமும் ஒன்றுதான். சமையலறைக்கு வந்த பிறகே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்குகிறது. மனித சரீரத்தின் நிறையும் அத்தகையதே. ஏறி நிற்பவரிடம் இருப்பது தசையா, எலும்பா, கொழுப்பா என்று தராசு கேட்பதில்லை. ஆயினும், ஒருவர் பருமனானவரா அல்லவா என்று தீர்மானிக்க டாக்டர்கள் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கிறார்கள். வயது முதிர்ந்த பெண்கள் விஷயத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்?

கிலோவில் எடுத்த நிறையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். ஆஸ்பத்திரிகளில் இதைப் பி.எம்.ஐ. என்பார்கள். 19-ம் நூற்றாண்டில் இதற்கு வித்திட்டவர் பெல்ஜியக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அவர் ஆராய்ந்தது ஜனங்களின் சராசரியையே. தனி நோயாளியை அல்ல. 1972-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஸெல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி எண் 25 ஆனால் அதிக நிறை. 30 ஆனால் பருமன்.

இனி, ஐம்பதைக் கடந்த பெண்மணியின் சரீரத்தைக் கவனிப்போம். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றை நாடி வருகிறது. தசையோ ஆண்டுக்காண்டு கரைகிறது. தசை போன இடத்தில் கொழுப்பு குடியேறினால் தராசு முள் அசையாது, எண்ணும் மாறாது. உள்ளே மட்டும் எல்லாம் மாறிவிடுகிறது.

இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது அமெரிக்காவில் பஃபலோ நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி. 53 முதல் 85 வயது வரையிலான 1,329 பெண்களின் கொழுப்பை எக்ஸ்-கதிர்க் கருவியால் அளந்தார்கள். முடிவு 2018-ல் வெளியாயிற்று. சரீரத்தில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் கொழுப்புள்ளவர்களில், 30 என்ற எல்லை கண்டுபிடித்தது நூற்றுக்குச் சுமார் 32 பேரையே! மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பரீட்சையில் தேறிவிட்டார்கள். அவர்களைச் சரியாகப் பிரித்தறிய எல்லையை 24.9-க்கு இறக்க வேண்டியிருந்தது.

பிழை எதிர்த்திசையிலும் நேரும். முதுகெலும்பு தேய்ந்து உயரம் குறைவது முதுமையின் இயல்பு. 155 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணின் எண் ஏறக்குறைய 25. முதுமையில் உயரம் 150 ஆகிவிட்டால், ஓர் அவுன்ஸ் கொழுப்பும் கூடாமலே அது 26.7 ஆகிறது.

ஒரே எண்ணுள்ள ஐரோப்பியரைவிட இந்தியரிடம் கொழுப்பு அதிகமிருப்பது தெரிந்த விஷயம். ஆகையால் 2009-ல் நம் நாட்டு நிபுணர்கள் 23-ஐ அதிக நிறைக்கும், 25-ஐப் பருமனுக்கும் எல்லையாக வகுத்தார்கள். 2025-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்றும், குறியீட்டெண்ணோடு இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கூறிற்று.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிப் பாதியாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அதைச் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளும் சந்திக்கவில்லையானால் வயிற்றில் கொழுப்பு மிகுந்திருக்கிறதென்று கொள்ளலாம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டரிடம் சோதித்துக்கொள்வது உசிதம்.

இன்னொன்று. எண் அதிகமென்று கேட்டதும் பட்டினி கிடக்கும் பாட்டிமார் உண்டு. பட்டினியில் கொழுப்போடு தசையும் போய்விடும். கால் தளர்ந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பருப்பு, பால், மோர், முட்டை ஆகியவற்றைக் குறைக்காமல் தினந்தோறும் நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து பழகுவதும் நலம். வீட்டிலுள்ள எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்ணும் அம்மாவின் தட்டில் பருப்பு இருக்கிறதா என்று பிள்ளைகள் கவனிக்கட்டும். தராசு அதைக் கவனிக்காது.