டீசல் வடிகட்டி

அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பகுதி முந்திரித் தோப்புகள் மிக்கது. அங்கு முந்திரி மூட்டைகளைச் சுமந்தோடும் பிக்கப் வண்டிகளுக்குப் புழுதியினும் கொடிய பகை ஒன்றுண்டு. அது டீசலில் கலந்த நீரும் நுண்துகளும் ஆகும். இக்கால இயந்திரங்களில் டீசல், காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்துடன், மயிரிழையொத்த துளைகளின் வழியே பீய்ச்சப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகாத துகளும் அத்துளைகளைத் தேய்க்கும், நீரோ துருவேற்றும். இவற்றைத் தடுப்பதே வடிகட்டி.

மரை பொருந்தினால் போதும் என்று மலிவானதை வாங்குவாருளர். அது பிழை. தரங்குறைந்த தாள் பருந்துகளை நிறுத்தி நுண்துகளை விட்டுவிடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தவர் பின்னர்ப் பல ஆயிரம் செலவிட நேரும். ஆதலின் வண்டிக் கையேடு குறிக்கும் எண்ணுடையதையே தேர்தல் வேண்டும். மாற்றவேண்டிய கிலோமீட்டர்க் கணக்கும் அதிலேயே உண்டு.

இயந்திரம் ஆறியபின், சுற்றிலும் துடைத்துப் பழையதைக் கழற்றுக. புதியதன் நடுத்துளையில் டீசலை ஊற்றலாகாது; அவ்வழி வடிகட்டப்பட்ட டீசல் வெளியேறும் வழியன்றோ? கைப்பம்பு உள்ள வண்டியில் அதனை அழுத்திக் காற்றைப் போக்கியபின் இயந்திரத்தை முடுக்குக. நீர் டீசலினும் கனமுடையதாதலின் அடியில் தங்கும். அடித்திருகைத் தளர்த்தி அதனை ஒரு கிண்ணத்தில் அவ்வப்போது வடித்துவிடலாம்.